ஒன்பதாம் பாடம்: ஒட்டுப்பலகை

நுழையும் முன்

இடமாற்ற ஆணை வந்த வீட்டில் முதலில் பரணிலிருந்து இறங்குபவை மரப்பெட்டிகளே. படைத்துறையிலும் தொடர்வண்டித் துறையிலும் பணியாற்றுவோரின் பிள்ளைகளாகிய உங்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. பெட்டியின் மூடியில் பெயரும் ஊரும் வண்ணத்தால் எழுதப்பட்டிருக்கும். தாம்பரத்தை அழித்து அதன்மேல் ஜோத்பூர். ஜோத்பூரை அழித்து அதன்மேல் அம்பாலா. உள்ளே குத்துவிளக்கு, இட்லிப் பானை, மிக்சி, பழைய பாடநூல்கள். எத்தனையோ முறை சரக்கு வண்டியில் ஏறியும் இறங்கியும் அப்பெட்டி இன்னும் உடையவில்லை.

அதன் விளிம்பை உற்று நோக்குங்கள். வெளிர்நிற அடுக்குகளும் அவற்றிற்கு இடையே மெல்லிய கருங்கோடுகளும் தெரியும். அது ஒரே மரத்தில் அறுத்தெடுத்த பலகை அன்று. மெல்லிய மரத்தாள்கள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பசையிட்டு, சூடேற்றி, அழுத்திச் செய்த ஒட்டுப்பலகை அது. பேச்சு வழக்கில் 'பிளைவுட்' என்கிறோம். கருங்கோடுகளே பசை. இது உருவாகும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

மரத்தின் இயல்பு

விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது தாத்தா வீட்டுக் கதவை நீங்கள் கவனித்திருக்கலாம். ஐப்பசி மழையில் அது நிலையோடு இறுகிக்கொள்ளும். தோள்கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். சித்திரை வெயிலில் அதே கதவு தளர்ந்து, இடுக்கு வழியே தெரு தெரியும். மரம் வெட்டப்பட்ட பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதும் விடுவதுமாகவே இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

மரம் என்பது நீண்ட நார்களின் கட்டு. அந்நார்கள் ஓடும் திசையை இழையோட்டம் என்போம். பச்சை மரம் முற்றும் உலரும்போது, இழையோட்டத்தின் நீளவாட்டில் ஆயிரத்தில் ஓரிரு பங்கே சுருங்கும். ஆனால் குறுக்குவாட்டில் நூற்றுக்கு மூன்று முதல் பத்துப் பங்கு வரை சுருங்கும். வலிமையிலும் இதே வேறுபாடு உண்டு. விறகை நீளவாட்டில் எளிதாகப் பிளக்கலாம். குறுக்கே பிளப்பது அரிது.

இக்குறையைப் போக்க மனிதன் கண்ட வழி மிக எளியது. ஒரு மரத்தாளின் இழையோட்டம் கிழக்கு மேற்காக இருந்தால், அதன்மேல் வைக்கும் தாளின் இழையோட்டத்தை வடக்குத் தெற்காகத் திருப்பிவிடுதல். ஒன்று விரிய முயலும் திசையில் மற்றொன்று அசையாது. எனவே ஒன்றை ஒன்று தடுத்து நிறுத்தும். அடுக்குகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாகவே அமையும்: மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. அப்போதுதான் நடுவடுக்கிற்கு மேலும் கீழும் ஒரே அமைப்பு இருக்கும். இரட்டைப்படையானால் மேல்முகம் ஒரு திசையிலும் அடிமுகம் வேறு திசையிலும் இழுக்க, பலகை வில்போல் வளைந்துவிடும்.

யமுனா நகரமும் பாப்ளர் மரமும்

சிவாலிக் குன்றுகளை விட்டு யமுனை ஆறு சமவெளிக்கு இறங்கும் பகுதியில், அரியானா மாநிலத்தில், யமுனா நகர் அமைந்துள்ளது. அதனோடு ஒட்டிய ஜகாத்ரி நகர் பாத்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. யமுனா நகரோ ஒட்டுப்பலகைக்கு. இந்தியாவில் இத்தொழில் மிகுதியாகக் குவிந்துள்ள ஊர்களுள் இதுவே முதன்மையானது. தெற்கே கேரளத்தின் பெரும்பாவூர், ரப்பர் மரத்தைக் கொண்டு இதே தொழிலைச் செய்கிறது.

யமுனா நகரைச் சுற்றிக் காடுகள் மிகுதியாக இல்லை. பிறகு மரம் எங்கிருந்து வருகிறது? உழவர்களின் வயல்களிலிருந்து! வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பாப்ளர் என்னும் மரத்தை இங்குள்ள உழவர்கள் பயிர்போல் வளர்க்கின்றனர். நேராகவும் விரைவாகவும் வளரும் அம்மரம், நட்ட ஆறு முதல் எட்டு ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். தைலமரமும் உண்டு, அதனை இங்கே 'சஃபேதா' என்பார்கள்.

பாப்ளரிடம் உழவர் மகிழும் இயல்பு ஒன்று உண்டு. குளிர்காலத்தில் அது இலைகள் அனைத்தையும் உதிர்த்துவிடும். அதே காலத்தில்தான் கோதுமை வளர்கிறது. வெறுங்கிளைகளின் ஊடே கதிரொளி தடையின்றி இறங்க, மரவரிசைகளுக்கு நடுவே பச்சைக் கோதுமை செழித்து நிற்கும். ஒரே நிலத்தில் இரண்டு விளைச்சல்! பிப்ரவரி மாதத்தில் அம்பாலாவிலிருந்து தொடர்வண்டியில் செல்வோர் சன்னல் வழியே இக்காட்சியைக் காணலாம்.

ஆனால் கோதுமை ஆறு மாதத்தில் பணமாகும். மரம் ஏழாண்டு கழித்தே பணமாகும். நடும்போது நல்ல விலை இருந்தது என்று நட்டவர், வெட்டும்போது விலை வீழ்ந்து வருந்துவதும் உண்டு. எல்லாரும் நட்டால் மரம் மலிந்து விலை இறங்கும். இறங்கியதைக் கண்டு நடாமல் விட்டால், சில ஆண்டுகளில் மரம் அரிதாகி விலை ஏறும். என் மாணவியர் ஒருத்தியின் தோழி உழவர் வீட்டுப் பெண். "எங்கள் அக்காவின் திருமணத்திற்கென்று அப்பா நட்ட மரங்கள் இவை" என்று அவள் வரப்பில் நின்று காட்டினாளாம். அம்மரங்கள் குவிண்டால் கணக்கில் எடைபோட்டு விற்கப்படும். பருமனான மரத்திற்கு ஒரு விலை, ஒல்லியான மரத்திற்குக் குறைந்த விலை.

இத்தொழில் எப்போதும் இங்கே இருந்ததன்று. முற்காலத்தில் அசாமில், தேயிலையை அடைக்கும் பெட்டிகளுக்காகவே ஒட்டுப்பலகை பெரிதும் செய்யப்பட்டது. மரம் வடகிழக்குக் காடுகளிலிருந்து வந்தது. 1995ஆம் ஆண்டு, நம் தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில் உள்ள கூடலூர்ப் பகுதிக் காடுகள் அழிக்கப்படுவதைத் தடுக்குமாறு கோதவர்மன் திருமுல்பாட் என்பவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அவ்வழக்கு கூடலூரோடு நிற்கவில்லை. 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம் பிறப்பித்த ஆணை நாடு முழுவதையும் தழுவியது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து பிற மாநிலங்களுக்கு மரம் கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டது. அருணாசலத்தின் திராப், சாங்லாங் மாவட்டங்களில் ஒட்டுப்பலகை ஆலைகள் மூடப்பட்டன. காட்டு மரம் கிட்டாமற்போகவே, வயல் மரம் விளையும் இடம் நோக்கித் தொழில் நகர்ந்தது. நீலகிரியில் எழுந்த வழக்கு யமுனைக் கரையில் ஒரு தொழிலை வளர்த்தது என்றால் அது மிகையாகாது.

தாளாக உரித்தல்

எட்டாம் வகுப்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு அங்குள்ள சிறிய ஆலை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். முதலில் நாங்கள் கண்டது உரிக்கும் எந்திரம். அளவாகத் துண்டித்த மரத்துண்டு உருளைகளுக்கு இடையே சுழல்கிறது. அதன் நீளத்திற்குச் சமமான கத்தி ஒன்று மெல்ல மெல்ல நெருங்கி வருகிறது. பென்சிலைச் சீவும்போது சுருள் வருமே, அவ்வாறே, ஆனால் அறுபடாத நீண்ட விரிப்பாக மரம் உரிந்து வருகிறது. உருண்டையாக இருந்த மரம் ஓரிரு நிமிடத்தில் பாய்போல் விரிந்துவிடுகிறது. எஞ்சுவது சப்பாத்திக் கட்டை அளவான நடுத்தண்டு மட்டுமே.

இவ்வாறு கிடைக்கும் உள்ளடுக்குத் தாள் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை மில்லிமீட்டர் கனமுடையது. மேல்முகத்திற்கும் அடிமுகத்திற்கும் வேறு மரத்தின் தாள் வேண்டும். அழகிய நிறமும் மென்மையும் உடைய அத்தாள் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கனமே கொண்டது. முன்னர் மியான்மரின் கர்ஜன் மரம் இதற்குப் பெரிதும் பயன்பட்டது. 2014 ஏப்ரல் முதல் அந்நாடு வெட்டுமர ஏற்றுமதியைத் தடை செய்தபின், ஆப்பிரிக்காவின் ஒகூமே போன்ற மரங்களின் தாள்களையும் ஆலைகள் நாடின.

உரித்த தாளில் பாதிக்கு மேல் நீர். அதனைத் திறந்தவெளியில் வெயிலில் உலர்த்துகின்றனர். வண்ணார் துறையில் வேட்டிகள் காய்வதுபோல, பரந்த மைதானம் எங்கும் மரத்தாள்கள் சாய்த்து நிறுத்தப்பட்டிருக்கும். பெண்கள் பலர் அவற்றைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தனர். பெரும்பாலோர் பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் நம்மைப்போல் வேற்றூரில் பள்ளிக்குச் செல்பவர்களே. நூறு பங்கு உலர்ந்த மரத்திற்கு ஆறு முதல் எட்டுப் பங்கு வரை ஈரம் இருக்கும்வரை தாள் உலர வேண்டும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்றுப் பின்னர் இது தேவைப்படும்.

பசை

ஒட்டுப்பலகையின் தரத்தைப் பசையே முடிவு செய்கிறது. யூரியா பார்மால்டிஹைடு என்னும் வெண்ணிறப் பசை விலை குறைந்தது. வீட்டினுள் நீர் படாத இடங்களுக்கு அது போதும். பீனால் பார்மால்டிஹைடு என்னும் செந்நிறப் பசை விலை மிகுந்தது, கொதிநீரையும் தாங்கும். பசையோடு மைதா மாவைக் கலக்கிறார்கள் என்று கேட்டதும் மாணவர்கள் வியந்தனர். பசை கெட்டியாகவும் மரத்தினுள் முழுதும் உறிஞ்சப்படாமலும் இருக்க மாவு உதவுகிறது. சுவரொட்டி ஒட்டுவதற்கு நம் ஊரில் காய்ச்சும் பசையும் இதே மாவுதானே!

ஐந்தடுக்குப் பலகையில் எல்லாத் தாள்களுக்கும் பசையிட வேண்டியதில்லை. இரண்டாவதும் நான்காவதும் ஆகிய குறுக்குத் தாள்களை மட்டும் இரு உருளைகளுக்கு நடுவே செலுத்தினால், அவற்றின் இருபுறமும் பசை படியும். ஒன்று, மூன்று, ஐந்தாம் தாள்கள் உலர்ந்தபடியே அவற்றோடு சேரும். நான்கு இணைப்புகளுக்கும் பசை கிடைத்துவிடுகிறது.

அந்தக் கூடத்தில் எங்கள் கண்கள் எரிந்து நீர் வடிந்தது. பசையிலிருந்து எழும் பார்மால்டிஹைடு ஆவியே அதற்குக் காரணம். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களுள் ஒன்றாக உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதனை வகைப்படுத்தியுள்ளது. நாங்கள் கால் மணி நேரத்தில் வெளியேறிவிட்டோம். பசையிடுவோர் நாள் முழுதும் அங்கேயே நிற்கின்றனர். முகமூடி அணிந்தவர் ஒருவரையும் நான் காணவில்லை.

வெப்ப அழுத்தி

அடுக்கிய தாள்களை முதலில் குளிர் அழுத்தியில் சற்று நேரம் வைத்து ஒன்றோடொன்று பற்றச்செய்கின்றனர். பின்னரே அவை வெப்ப அழுத்திக்குச் செல்கின்றன. ஆலையின் நெஞ்சம் அதுவே. இரண்டாள் உயரமுள்ள இரும்புச் சட்டம். அதனுள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்த எஃகுத் தட்டுகள். தட்டுகளுக்கு இடையே பத்து இடைவெளிகள். ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு பலகை. தட்டுகளின் உள்ளே துளைகள் உண்டு. கொதிகலனில் சூடேறிய எண்ணெய் அவற்றின் வழியே ஓடித் தட்டுகளைச் சுடவைக்கிறது. கொதிகலனுக்கு எரிபொருள், ஆலையில் மிஞ்சும் மரக்கழிவே. வெண்பசைக்கு ஏறத்தாழ 105 முதல் 110 பாகை வெப்பம். செம்பசைக்கு 140 பாகை அளவு.

கீழேயுள்ள உருளைத்தண்டு மேலெழும்பி எல்லாத் தட்டுகளையும் ஒருசேர நெரிக்கிறது. அந்த அழுத்தத்தைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். எட்டடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள பலகை 244 செ.மீ. நீளமும் 122 செ.மீ. அகலமும் உடையது. பரப்பு 29,768 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் 10 கிலோகிராம் அழுத்தம் என்று கொண்டால், மொத்தம் 2,97,680 கிலோகிராம். அதாவது ஏறக்குறைய 300 டன். ஓர் ஆண் யானையின் எடை 4 டன் எனில், 75 யானைகள் அந்தப் பலகையின்மேல் நிற்பதற்கு ஒப்பாகும்!

இத்துணை விசை எவ்வாறு கிடைக்கிறது? எட்டாம் வகுப்பு அறிவியலில் நீங்கள் படித்த பாஸ்கல் விதியே அதற்கு விடை. மூடிய திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். 1 சதுர செ.மீ. பரப்புள்ள சிறிய தண்டை 1 கிலோகிராம் எடையால் அழுத்தினால், 1,000 சதுர செ.மீ. பரப்புள்ள பெரிய தண்டு 1,000 கிலோகிராம் எடையைத் தூக்கும். சும்மா கிடைப்பதன்று அது. பெரிய தண்டு 1 செ.மீ. உயர, சிறியது 1,000 செ.மீ. செல்ல வேண்டும். இந்த நெறியில் இயங்கும் அழுத்தியை 1795ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா தம் பெயரில் பதிவு செய்தார்.

"பத்துப் பலகைக்குப் பத்து மடங்கு விசை வேண்டாமா, ஐயா?" என்று ஒரு மாணவன் வினவினான். நல்ல வினா. வேண்டியதில்லை. பத்துப் புத்தகங்களை அடுக்கி மேலே கல்லை வைத்தால், ஒவ்வொரு புத்தகமும் அந்தக் கல்லின் எடையைத் தாங்குகிறது அல்லவா? அதுபோலவே ஒரே 300 டன் விசை பத்துப் பலகைகளின் ஊடேயும் செல்கிறது.

அழுத்தியை இயக்கியவர் அறுபதை நெருங்கியவர். மாணவர்கள் அவரைச் 'சாச்சாஜி' என்று அழைத்தனர். அவருடைய இடக்கையில் இரு விரல்களுக்கு நுனி இல்லை; இளமையில் வேறோர் ஆலையில் தாள் வெட்டும் கத்தியில் போனது என்றார். அழுத்தத்தைக் காட்டும் கருவியை அவர் அடிக்கடி நோக்கவில்லை. எந்திரத்தின் ஒலியைக் கேட்டே தலையசைத்தார். கனம் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. 12 மில்லிமீட்டர்ப் பலகைக்குப் பன்னிரண்டு நிமிடம் அளவு. நேரம் முடிந்ததும் அழுத்தத்தை ஒரேயடியாக விடாமல் படிப்படியாகக் குறைத்தார்.

தட்டுகள் பிரியத் தொடங்கியபோது, நான்காவது இடைவெளியிலிருந்து 'டப்' என்று ஓர் ஓசை, உடனே மற்றொன்று. மாணவிகள் பின்வாங்கினர். வெளியே இழுத்த இரண்டு பலகைகளின் நடுப்பகுதி பூரிபோல் உப்பியிருந்தது.

முன்சொன்ன ஆறு முதல் எட்டு என்னும் எண்ணை இப்போது நினைவுகூருங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள்களும் தூறலும் பனிமூட்டமும் இருந்தன. தாள்கள் நன்கு உலரவில்லை. 100 பாகைக்கு மேல் சூடேறியதும் உள்ளிருந்த ஈரம் நீராவியாகிறது. அழுத்தம் இருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும். அழுத்தம் நீங்கியதும் பசையைப் பிளந்துகொண்டு வெளிப்படும்.

"தாள் ஈரமாக இருந்தது உங்களுக்கு முன்பே தெரியாதா, சாச்சாஜி?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

அவர் அருகில் கிடந்த தாள் ஒன்றை எடுத்து அவள் காதருகே மெல்ல வளைத்தார். "உலர்ந்த தாள் சலசலக்கும், மகளே. இது பேசவில்லை பார். நேற்று மாலையே சொன்னேன். ஆனால் சரக்கு ஏற்ற வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது."

அவருக்கு மாதச் சம்பளம் இல்லை. நல்ல பலகையின் எண்ணிக்கைக்கே கூலி. அந்த இரண்டு பலகைகளும் அவர் கணக்கில் சேரா. அவர் அவற்றைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அடுத்த பத்தை உள்ளே தள்ளத் தொடங்கினார்.

தரம் அறிதல்

அழுத்தியிலிருந்து வந்த பலகையின் நான்கு ஓரங்களையும் ரம்பத்தால் சீராக்கி, முகத்தைத் தேய்த்து மெருகேற்றுவர். பின்னர் சோதனை. வீட்டுப் பயன்பாட்டுக்கான சாதாரண வகையின் துண்டை 60 பாகை வெந்நீரில் மூன்று மணி நேரம் வைத்துப் பார்க்கின்றனர். படகு போன்றவற்றிற்கு உரிய வகையை 72 மணி நேரம் கொதிக்கவைக்கின்றனர். மூன்று நாள் வெந்த பின்னும் அடுக்கு பிரியாதிருக்க வேண்டும். இந்தியத் தர அமைவனத்தின் விதிகளில் முன்னதற்கு எண் 303. பின்னதற்கு எண் 710. வாங்கும்போது பலகையின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இந்த எண்ணையும் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்றுண்டு. உள்ளடுக்கில் துண்டுத் தாள்களை இடைவெளி விட்டு வைத்துச் செலவைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். மேல்முகம் பளபளக்கும், உள்ளே பொந்து. நான் முன்பு குடியிருந்த ஊரில் வாங்கிய புத்தக அலமாரி இப்படிப்பட்டது. ஓராண்டில் கீல் திருகாணிகள் கழன்று, கதவு என் கையோடு வந்துவிட்டது. தச்சர்கள் விரல் முட்டியால் பலகையைத் தட்டிக் கேட்பதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. நிறைந்த இடத்தின் ஒலி வேறு. பொந்தின் ஒலி வேறு.

சொற்பொருள்

இழையோட்டம் – மரநார்கள் ஓடும் திசை. பரண் – பொருள்களை வைக்கச் சுவரின் மேற்பகுதியில் அமைத்த தட்டு. நிலை – கதவைத் தாங்கும் சட்டம். வரப்பு – வயலின் எல்லையில் உள்ள சிறு மேடு. பாகை – வெப்ப அளவு. கீல் – கதவைச் சட்டத்தோடு இணைக்கும் இரும்பு. பொந்து – உள்வெற்றிடம்.

மொழியோடு விளையாடு

ஒட்டு + பலகை = ஒட்டுப்பலகை. 'ஒட்டு' என்பது வன்தொடர்க் குற்றியலுகரம். ஆதலால் வருமொழி முதலில் உள்ள வல்லினம் மிகுந்தது. மரம் + தாள் = மரத்தாள். இங்கு 'ம்' கெட்டு வல்லினம் மிகுந்தது. சொற்கள் இரண்டு சேருமிடத்தில் தோன்றும் இந்த எழுத்தை அவற்றின் பசை என்று நினைவில் கொள்ளலாம். கீழ்வருவனவற்றைச் சேர்த்து எழுதுக: பாட்டு + புத்தகம், மரம் + பெட்டி, எட்டு + தொகை, குளம் + கரை.

விடையளிக்க

1. அடுக்குகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பது ஏன்?

2. பாப்ளர் மரவரிசைகளுக்கு நடுவே கோதுமை விளைவது எவ்வாறு?

3. 180 செ.மீ. நீளமும் 90 செ.மீ. அகலமும் உள்ள பலகைக்கு, ஒரு சதுர செ.மீ. மீது 10 கிலோகிராம் வீதம் எத்தனை டன் விசை வேண்டும்?

4. உப்பிய இரண்டு பலகைகளின் இழப்பு யாருடைய கணக்கில் சேர வேண்டும் என்று கருதுகிறீர்கள்? ஆலை உரிமையாளர், அழுத்தி இயக்குபவர், வண்டிக்காரர் ஆகிய மூவருக்கும் நடக்கும் உரையாடலாக எழுதுக.

செய்து பார்க்க

செய்தித்தாளை நீளவாட்டில் ஒருமுறையும் குறுக்குவாட்டில் ஒருமுறையும் கிழியுங்கள். ஒரு திசையில் நேராகவும் மறு திசையில் கோணலாகவும் கிழியும். தாளுக்கும் இழையோட்டம் உண்டு. இனி, மைதாப் பசை காய்ச்சி, மூன்று தாள்களைத் திசை மாற்றி ஒட்டிக் கனமான நூல்களின் அடியில் ஓரிரவு வைத்து, மறுநாள் கிழிக்க முயலுங்கள்.

வீட்டிலுள்ள இடமாற்றப் பெட்டியின் விளிம்பில் எத்தனை அடுக்குகள் உள்ளன என்று எண்ணுக. அதன் மூடியில் அழிக்கப்பட்ட ஊர்ப்பெயர்களை அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டு, வரிசையாகத் தமிழில் எழுதி வருக.